மில் ஊர்த் தெருவும் முள்வேலித் தோட்டமும்: வாசகர் கேள்வி – பதில்

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லியே நமக்குப் பழகிவிட்டது. அந்த அசல் மான்செஸ்டரிலும் அதைச் சுற்றியுள்ள லங்காஷயர் மில் ஊர்களிலும், இங்கிலாந்துக் கிராமங்களிலும் அந்தக் காலத்துச் சனங்களின் அன்றாடம் எப்படி இருந்தது என்று கேட்டுக் கொங்குப் பகுதியிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. சிலவற்றுக்கு இங்கே பதில். பெரும்பாலும் 1900க்கும் 1960க்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றியே பேசுகிறோம்.

எங்க அப்பாரு மில்லுல வேலை பார்த்தவருங்க. சங்கு ஊதுனா ஊரே எந்திரிச்சுக்கும்னு சொல்லுவாரு. இங்கிலாந்துல சங்குக்கு முன்னாடியே எழுப்பி உடறதுக்குக் கூலிக்கு ஆள் வெச்சிருந்தாங்கன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?
– வாசகர், சிங்காநல்லூர்

நிஜம்தான். சங்கும் ஊதியது, கூலிக்கு எழுப்பும் ஆளும் இருந்தார். முதல் உலகப் போருக்கு முன்பு லங்காஷயரில் பெரும்பாலான மில்கள் காலை 6 மணிக்கே ஓடத் தொடங்கிவிடும். சங்கு கேட்ட பிறகு படுக்கையை விட்டு எழுந்தால், போய்ச் சேருவதற்குள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய பிறகு வந்தவருக்குக் கூலியில் வெட்டு. மலிவான அலாரம் கடிகாரத்தை நம்ப முடியாது, நல்ல கடிகாரம் வாங்கக் காசு கிடையாது. அதனால் வாரத்துக்குச் சில பென்ஸ் கொடுத்து ஆளை அமர்த்திக்கொண்டார்கள்.

அவர் கையில் நீண்ட மூங்கில் கழி இருக்கும். நுனியில் கம்பிகளைக் கொத்தாகக் கட்டியிருப்பார். சனங்கள் தூங்குவது மாடியறையில் என்பதால் கழி மாடி ஜன்னலை எட்ட வேண்டும். கம்பிக் கொத்தைக் கண்ணாடியில் வைத்து உரசினால் கரகரவென்று சத்தம் வரும், கண்ணாடியும் உடையாது. கதவைத் தட்டாததற்குக் காரணம் உண்டு. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் அவை. கதவை இடித்தால் காசு கொடுக்காத பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்துகொள்வார், கைக்குழந்தையும் எழுந்துகொள்ளும், விடிந்ததும் சண்டைதான். உள்ளேயிருந்து விளக்கோ முகமோ தெரியும்வரை நல்ல ஆள் அடுத்த வீட்டுக்கு நகர மாட்டார்.

ஆளுக்கு ஆள் நேரம் வேறுபடும்போது, எழுப்ப வேண்டிய மணியை எழுதிய சிலேட்டை வாசலில் மாட்டிவைப்பார்கள். ராத்திரி ரோந்து போகும் போலீஸ்காரர் சிலரும் கூடுதல் வருமானத்துக்கு இதைச் செய்திருக்கிறார்கள். லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு பெண்மணி ஊதுகுழலில் காய்ந்த பட்டாணியை வைத்து ஜன்னலில் ஊதியே எழுப்பினார். அவர் புகைப்படம் இன்றும் பிரபலம். வடக்கே சில ஊர்களில் 1970கள் தொடங்கும்வரை இந்தத் தொழில் நீடித்தது.

எங்க ஊட்டுல எட்டுத் தறி ஓடுதுங்க. பேசுனா பக்கத்துல நிக்கறவருக்கே கேக்காது. நூத்துக்கணக்கான தறி ஓடுன எடத்துல அவிய எப்படிப் பேசிக்கிட்டாங்க?
– வாசகி, சோமனூர்

உதட்டால் பேசினார்கள். குரலே எழுப்பாமல், வாயை அகலத் திறந்து ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் வரைந்து காட்டுவது. கூடவே கை ஜாடை. நாலு தறி தள்ளி நிற்பவரோடும் முழுக் குடும்பக் கதையும் பேசிவிடலாம். மில்லில் பழகிய பெண்கள் தெருவில் நின்று பேசும்போதும் உதட்டை அப்படியே அகல அசைப்பார்களாம். அந்தரங்க விஷயம் பேசும்போது மட்டும் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கூடத்தின் மறுகோடியில் நிற்பவருக்கும் அது 'கேட்டுவிடும்'. பல வருஷம் தறிக்கூடத்தில் நின்று காது மந்தமானவர்களுக்கு இந்தப் பழக்கம் வீட்டிலும் கை கொடுத்தது.

நீங்கள் தறி ஓட்டுகிறவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊடு நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவில் தார், அதாவது நூல் சுற்றிய குச்சி, தீர்ந்ததும் புதுத் தாரைப் பொருத்தி, நூல் முனையை நாடாவின் கண் வழியாக வெளியே எடுக்க வேண்டுமல்லவா? அங்கே அந்தக் கண்ணில் வாயை வைத்து ஒரே உறிஞ்சாக உறிஞ்சி நூலை இழுத்தார்கள். ஒரு நொடி வேலை. ஆனால் நூலோடு பஞ்சுத் தூசியும் எண்ணெயும் சாயமும் வாய்க்குள் போகும். ஒரே நாடாவில் பலர் வாய் படுவதால் ஒருவர் நோய் இன்னொருவருக்குத் தொற்றும். முன்பல்லும் அரிக்கும். கையால் நூல் கோக்கிற நாடா வந்த பிறகும் பழையதே நீடித்ததற்குக் காரணம் கூலிமுறை. நெய்த துணிக்குத்தான் கூலி. தறி நிற்கும் ஒவ்வொரு நொடியும் நெய்பவர் கையைக் கடிக்கும். ஆளுக்கு நாலு தறி பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பர்ன்லிக்குப் பக்கத்தில் குயின் ஸ்ட்ரீட் மில் என்று ஒன்று நீராவியிலேயே ஓடி 1982இல் நின்றது. அதன் நீராவி எஞ்சினுக்கு 'அமைதி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கூடம் இப்போது அருங்காட்சியகம்.

அந்தூரு மில்காரங்க மரக்கட்டைச் செருப்புப் போட்டாங்கன்னு படிச்சேன். பணம் இல்லாததாலதானே?
– வாசகர், திருப்பூர்

பணம் ஒரு காரணம்தான், முதல் காரணமல்ல. காற்று காய்ந்தால் தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் நெசவுக் கூடத்தில் ஈரத்தை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள், சில இடங்களில் நீராவியையே விட்டார்கள். தரை கல், அதில் தண்ணீர், எந்திர எண்ணெய். தோல் அடி வைத்த செருப்பு அந்த ஈரத்தில் ஊறிப் பிய்ந்துவிடும். மர அடி ஊறாது, கல்லின் குளிர்ச்சியையும் காலுக்கு ஏற்றாது.

அடிப்பாகத்துக்கு ஆல்டர் என்ற மரத்தை விரும்பினார்கள். ஈரத்தைத் தாங்கும், எளிதில் பிளக்காது, செதுக்கவும் சுலபம். மேலே தடித்த தோல். மரம் வளையாது என்பதால் நுனியைச் சற்று மேல்நோக்கித் தூக்கிச் செதுக்குவார்கள். நடக்கும்போது பாதம் உருண்டு போகும். நுனி தட்டையாக இருந்தால் கணுக்கால் நோகும். அடியில் முன்பக்கமும் குதியிலும் லாடம் போல் இரும்புப் பட்டையை ஆணியடித்திருப்பார்கள். இந்த இரும்பு தேய்ந்ததும் உடனே மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் நடந்தால் மரமே தேய்ந்து, சில பென்ஸில் முடிய வேண்டிய வேலை புது அடி போடும் செலவில் முடியும். பனிக்காலத்தில் இரண்டு இரும்புக்கும் நடுவே பனி இறுகிக் கட்டியாகிவிடும். நாலடிக்கு ஒருமுறை சுவரில் உதைத்துத் தட்டிவிடாவிட்டால் கால் பிசகும். பிள்ளைகளுக்கோ கல் பாவிய தெருவில் இரும்பை உரசித் தீப்பொறி பறக்கவிடுவது பெரிய விளையாட்டு.

நம்ம பக்கம் வெடிஞ்சா வாசல் தெளிச்சுக் கோலம் போடறோம். அங்க வாசல்ல ஏதாச்சும் பண்ணுவாங்களா?
– வாசகி, பெருந்துறை

பண்ணினார்கள், அதுவும் வைராக்கியத்தோடு. தெருவோரம் நேராகத் திறக்கும் கதவு, அதற்குக் கீழே ஒரே ஒரு கல்படி. அதைத் துடைத்து ஈரமாக்கி, ஒரு கல்கட்டியால் விளிம்போரமாகத் தேய்த்துக் கோடு போடுவார்கள். காய்ந்ததும் வெள்ளையாகவோ சந்தன நிறத்திலோ பளிச்சென்று நிற்கும். சில வீடுகளில் ஜன்னல் அடிக்கல்லுக்கும் இதே பூச்சு. கல்பொடி, சிமெண்ட், வெளுப்புத்தூள் மூன்றையும் தண்ணீரில் குழைத்து அச்சில் வார்த்துக் காயவைத்த கட்டி அது. எண்ணெய் படிந்த மில் படிக்கட்டில் கால் வழுக்காமல் இருப்பதற்காக வந்த பொருள். அங்கிருந்துதான் வீட்டு வாசலுக்கு வந்தது. பழைய துணி வாங்க வண்டியோடு வரும் வியாபாரி, காசுக்குப் பதில் இதைக் கொடுத்துவிட்டுப் போவார்.

படி அதிக ஈரமாக இருந்தால் பூச்சு வழிந்து திட்டுத் திட்டாகக் காயும். காய்ந்த படியில் தேய்த்தால் ஒட்டவே ஒட்டாது. மழை பெய்தால் மறுபடி முதலிலிருந்து. புள்ளியும் கம்பியும் கிடையாது, ஒரு கோடுதான். ஆனால் கோடு போடாத வாசலை அந்தத் தெரு எப்படிப் பார்க்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திங்கக்கிழமைன்னா ஊரே துணி துவைக்கும்னு சொல்றாங்களே, அது ஏன்? மிஷின் இல்லாம எப்படித் துவைச்சாங்கன்னு படிப்படியாச் சொல்லுங்க.
– வாசகி, பவானி

ஏன் திங்கள் என்பதற்குப் பதில் சமையலறையில் இருக்கிறது. ஞாயிறு மதியம் பெரிய இறைச்சித் துண்டைச் சுட்டுச் சாப்பிடுவது வழக்கம். மிச்சத்தைத் திங்களன்று ஆறியபடியே வெட்டி வைத்துவிடலாம். அடுப்படியில் நிற்க வேண்டாம், முழு நாளும் துவைப்புக்கு.

வேலை ஞாயிறு இரவே தொடங்கும். அழுக்கு அதிகமான வெள்ளைத் துணிகளைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போடுவார்கள். காலையில் இருட்டோடு எழுந்து கொப்பரையை மூட்ட வேண்டும். இந்தக் கொப்பரை செங்கல் கட்டுக்குள் பதித்திருக்கும், அடியில் தனி அடுப்பு. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, சோப்பைச் சீவிப் போட்டு, வெள்ளைத் துணியை அரை மணி நேரம் போல வேகவைப்பார்கள். வெந்ததை நீளக் குச்சியால் தூக்கி, வரிவரியாக மடிப்பு வைத்த தகரத் தொட்டிக்கு மாற்றுவார்கள். அங்கே ஒரு கம்பு; அதன் நுனியில் ஓட்டைகள் போட்ட செம்புக் கிண்ணம் கவிழ்த்து மாட்டியிருக்கும். அதை மேலும் கீழும் குத்தினால், அழுத்தும்போது தண்ணீர் துணிக்குள் பாயும், தூக்கும்போது அழுக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வரும். காலர், கைப்பட்டி மட்டும் வரிப்பலகையில் தனியாகத் தேய்க்க வேண்டும்.

சுடுதண்ணீரைக் கொட்டவே மாட்டார்கள். முதலில் வெள்ளை, அதே தண்ணீரில் சாயத் துணி, கடைசியில் எண்ணெய்க் கறை படிந்த மில் உடுப்பு. வரிசை மாறினால் வெள்ளை அத்தனையும் பழுப்பு. கம்பளியைக் கொதிநீரில் போட்டாலும் கெட்டது. வெதுவெதுப்பிலிருந்து சட்டென்று குளிர்நீருக்கு மாற்றினாலும் கெட்டது. சுருங்கிக் குழந்தைச் சட்டையாகிவிடும்.

இரண்டு அலசலுக்குப் பிறகு கடைசித் தண்ணீரில் நீலம். நாமும் போட்ட அதே நீலம்தான், சின்னத் துணிப் பையில் கட்டி வரும். பையைத் தண்ணீரில் வேகமாகச் சுழற்றி எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் அடியில் தேங்கித் துணியில் கோடு விழும். கோடு விழுந்தால் வினிகர் கலந்த தண்ணீரில் அலசினால் போகும், ஏனென்றால் அந்த நீலம் புளிப்பு பட்டால் சிதைந்துவிடும். வீட்டில் இன்றும் அந்தப் பழைய நீலத்தூளையே போடுகிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். பிறகு கஞ்சி. இஸ்திரிப்பெட்டி ஒட்டிப் பிடிக்காமல் இருக்கக் கஞ்சியில் கொஞ்சம் வெண்காரமோ மெழுகோ சேர்ப்பார்கள்.

பிழிவதற்கு இரட்டை மரஉருளை எந்திரம். ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, ஒருவர் துணியை ஊட்ட, மறுபக்கம் பட்டையாக வந்து விழும். பொத்தான் உள்ளே போகும்படி மடித்து ஊட்ட வேண்டும். வெளியே இருந்தால் நொறுங்கும். வேலை முடிந்ததும் மேலேயுள்ள திருகைத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கியபடி விட்டால் உருளை ஒரு பக்கம் தட்டையாகி, அடுத்த வாரம் துணி ஓரத்தில் ஈரமாகவே வரும். பிள்ளைகள் விரல் மாட்டிக்கொள்ளும் விபத்துக்கும் குறைவில்லை.

கொடி தெருவின் குறுக்கே. நிலக்கரி வண்டி வந்தால் அத்தனை துணியையும் தூக்கிப் பிடிக்க வேண்டும். காற்று மில் புகைபோக்கிப் பக்கமிருந்து திரும்பினால் கரித்துகள் விழுந்து காலை முழுக்கப் பட்ட பாடு வீண். பழைய தெருக்களின் ஒற்றுமையைப் பற்றி எத்தனையோ பேர் ஏக்கத்தோடு எழுதுகிறார்கள், அது உண்மைதான். ஆனால் துவைப்பு எந்திரம் வந்த நாளைத் திட்டி எழுதிய ஒரு பெண்ணைக்கூட நாங்கள் படித்ததில்லை.

லண்டன்ல மகன் ஊட்டுக்குப் போயிருந்தப்ப நடைபாதையில அங்கங்க வட்டமா இரும்பு மூடி பாத்தேனுங்க. சாக்கடை மூடி மாதிரி இல்லை, சின்னதா, பூ வேலைப்பாட்டோட இருந்துச்சு. அது என்னங்க?
– வாசகர், ஆர்.எஸ்.புரம்

நிலக்கரி மூடி. பழைய வீடுகளில் நடைபாதைக்கு அடியில் கரி அறை இருக்கும். கரிக்காரர் மூட்டையைத் தெருவிலிருந்தே அந்தத் துளை வழியாகக் கொட்டிவிடுவார், வீட்டுக்குள் கரி படியாது. துளை ஒரு அடிக்குச் சற்றுக் கூடுதல் அகலம்தான். திருடன் நுழைய முடியாது. வட்டமாக இருப்பதால் எப்படித் திருப்பினாலும் மூடி உள்ளே விழாது. வேலைப்பாடு அழகுக்கு மட்டுமல்ல, மழையில் கால் வழுக்காமல் இருக்கவும்தான்.

ஒரு மூட்டை ஒரு ஹண்ட்ரட்வெயிட், அதாவது 112 பவுண்டு, கிட்டத்தட்ட 51 கிலோ. வீட்டம்மா வெளியே நின்று காலிச் சாக்குகளை எண்ணுவார். கொட்டிய கரியை எண்ண முடியாது, சாக்கை எண்ணலாமல்லவா?

கணப்பு மூட்டுவது ஒரு கலை. முதலில் சாம்பலைக் கிளறிச் சலித்து, பாதி எரிந்த கரித்துண்டுகளைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். அது மறுபடி எரியும். அடியில் சுருட்டி முறுக்கிய செய்தித்தாள், மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சிராய், அதன்மேல் சிறு கரி. பெரிய கரியை எடுத்த எடுப்பிலேயே அடுக்கினால் காற்றுப் போக வழியில்லாமல் சிராய் எரிந்து முடிந்துவிடும். புகைபோக்கி குளிர்ந்து கிடந்தால் புகை மேலே ஏறாமல் அறைக்குள் திரும்பும். அதற்கு ஒரு முழுச் செய்தித்தாளை விரித்துக் கணப்பின் முகப்பை மூடிப் பிடிப்பார்கள். காற்று கீழேயிருந்து மட்டும் நுழைந்து சுடரை மேலே இழுக்கும், தீ உறுமத் தொடங்கும். தாளின் நடுவில் பழுப்பு நிறம் தெரிந்த கணத்தில் எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் தாளே பற்றிக்கொள்ளும். இரவில் ஈரக் கரித்தூளைப் போட்டு மூடிவிட்டால் காலை வரை கனல் இருக்கும்.

வருஷத்துக்கு ஒருமுறையாவது புகைபோக்கியைச் சுத்தம் செய்யாவிட்டால் உள்ளே படிந்த புகைக்கரியே தீப்பிடித்து, செங்கல் வெடிக்கும் அளவுக்குப் போகும். வாரிய புகைக்கரியை வீசுவதில்லை; அதில் தழைச்சத்து உண்டு, தோட்டத்துக்கு உரம். ஆனால் சில மாதம் ஆறவைத்துத்தான் போட வேண்டும், புதிதாகப் போட்டால் செடி கருகும். இந்தக் கணப்புகள் எல்லாம் சேர்ந்து விட்ட புகைதான் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய நச்சுப்பனிக்கு முக்கியக் காரணம். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956இல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. உங்கள் மகன் தெருவிலுள்ள மூடிகள் அதன் பிறகுதான் மெல்ல மெல்லப் பயனற்றுப் போயின.

மாடு மேயற கொறங்காட்டுக்கு நாங்க கிளுவை வேலி வெச்சிருக்கறோமுங்க. இங்கிலாந்துலயும் உயிர்வேலிதான்னு கேள்விப்பட்டேன். அதை வெட்டிச் சாய்ச்சு வெப்பாங்களாமே, வெட்டுனா பட்டுப் போகாதுங்களா?
– வாசகர், காங்கேயம்

பட்டுப் போகாமல் வெட்டுவதில்தான் அந்தக் கைத்தொழிலே இருக்கிறது. உங்கள் கிளுவை, கிளையை வெட்டிப் போத்தாக நட்டாலே வேர்விடும். அங்கே வேலிக்குப் பயன்படும் ஹாத்தார்ன் என்ற முள்மரம் போத்தில் எளிதில் வராது, விதை போட்டு வளர்த்த நாற்றைத்தான் நெருக்கமாக நடுவார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொது மேய்ச்சல் நிலங்களைப் பிரித்து அடைத்தபோது மைல் கணக்கில் நட்ட வேலிகள் அவை. விட்டுவிட்டால் மேலே மரமாக வளர்ந்து அடியில் சந்து விழும். ஆடு அந்தச் சந்தில்தான் நுழையும், உங்களுக்குத் தெரியாததல்ல. அதை அடைக்கத்தான் பல வருஷங்களுக்கு ஒருமுறை சாய்ப்பது.

காலம் முக்கியம். இலை கொட்டி மரம் உறங்கும் அக்டோபர் முதல் மார்ச் வரை. முதலில் பக்கக் கிளைகளையும் கொடிகளையும் கழித்துவிடுவார்கள். நம் கொடுவாளைப் போல மூக்கு வளைந்த கத்தியால் தண்டின் அடியில், தரைக்கு மிக அருகில், மேலிருந்து கீழாகச் சரிவாக வெட்டுவார்கள். நேர்க்குறுக்காக அல்ல. தண்டின் கனத்தில் பெரும்பகுதியும் வெட்டுப்பட்டு, ஒரு பக்கத்தில் பட்டையும் மெல்லிய மரநாரும் மட்டும் நாக்கு போல மிஞ்ச வேண்டும். அந்த நாக்கு வழியாகத்தான் இனி வேரிலிருந்து நீர் ஏறும். அப்படியே தண்டைச் சாய்த்துப் படுக்கவைப்பார்கள். நிலம் சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கம் நோக்கியே சாய்க்க வேண்டும்.

தவறுவது இங்கேதான். நாக்குக் கனமாக நின்றால் சாய்க்கும்போது தண்டு நெடுக்காகப் பிளந்துகொண்டே போகும். மெலிந்துபோனால் முறியும். வெட்டு நீளமாக இல்லாமல் குட்டையாக இருந்தாலும் வளைவு ஒரே இடத்தில் விழுந்து முறியும். கடுங்குளிர் நாளில் மரம் மொடமொடவென்று இருக்கும், அன்று கைவைக்கக் கூடாது. சாய்த்த பிறகு நிற்கும் அடிக்கட்டையையும் தாழ்வாக, சரிவாகச் சீவிவிட வேண்டும். தண்ணீர் தங்கினால் அழுகும். வசந்தத்தில் புதுத் துளிர் அந்த அடிக்கட்டையிலிருந்துதான் கிளம்பும். பழைய தண்டு தற்காலிக வேலி, புதுத் துளிர்தான் நாளைய வேலி.

சாய்த்த தண்டுகளுக்கு நடுவே ஒரு முழத்துக்கு ஒன்றாக ஊன்றுகழி அடிப்பார்கள். 18 அங்குலம் என்று கணக்கு; வேலைக்காரர் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வைத்துத்தான் அளப்பார். கழிகளின் தலையில் ஹேசல் மர மிளாறுகளைக் கயிறு முறுக்குவது போலப் பின்னிக் கட்டினால் மாடு முட்டினாலும் அசையாது. நல்ல கைக்காரர் ஒரு நாளைக்கு ஒரு சங்கிலி, அதாவது 66 அடி முடிப்பார் என்பது அவர்கள் கணக்கு. முதல் இரண்டு மூன்று வருஷம் துளிரை மாடு கடிக்காமல் காக்க வேண்டும். முள்கம்பி வந்ததும், போருக்குப் பின் வயல்களைப் பெரிதாக்கியதும் இந்த வேலிகளில் பெரும்பங்கை அழித்துவிட்டன. கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போட நினைக்கும் நம் ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

கிளுவையை இதே முறையில் சாய்க்கலாமா என்று நீங்கள் நினைத்தால், வேலியின் ஒரு மூலையில் இரண்டு மூன்று செடியில் மட்டும் செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மரத்துக்கு மரம் குணம் வேறு.

நாங்க பறிச்ச தேயிலை சீமைக்குப் போச்சு. அவங்க எப்படிப் போட்டுக் குடிச்சாங்க?
– வாசகி, வால்பாறை

பாலில் கொதிக்கவைக்கும் பழக்கம் கிடையாது. புதிதாகப் பிடித்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, முதலில் கொஞ்சம் பீங்கான் பானையில் ஊற்றிச் சுழற்றிக் கொட்டுவார்கள். பானை குளிர்ந்திருந்தால் தண்ணீரின் சூடு இறங்கிச் சாறு இறங்காது. ஆளுக்கு ஒரு தேக்கரண்டி, பானைக்கு ஒன்று என்று தூள் போட்டு, தளதளவென்று கொதிக்கும்போதே தண்ணீரை ஊற்றி, மூன்று முதல் ஐந்து நிமிஷம் மூடிவைப்பார்கள். மேலே கம்பளி உறை. அதற்கு மேல் ஊறினால் துவர்ப்பு ஏறிக் கசக்கும். கோப்பையில் பால் தனியாக.

1940 ஜூலையில் தேயிலைக்கு ரேஷன் வந்தபோது ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், 57 கிராம்தான். அது 1952 அக்டோபர் வரை நீடித்தது. அந்தக் காலத்தில் 'பானைக்கு ஒன்று' எங்கே போடுவது? குடித்து முடித்த ஈரச் சக்கையையும் வீணாக்கவில்லை. கம்பளத்தில் தூவிப் பெருக்குவார்கள், தூசி பறக்காது.

அணா, பைசாக் கணக்கு எங்க அம்மிச்சி வாயிலயே போடுவாங்க. அங்கயும் அப்படிக் கணக்கு இருந்துச்சுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆக 240 பென்ஸ். கெஜம் 1 ஷில்லிங் 4 பென்ஸ் விலையில் 7 கெஜம் துணி வாங்கினால் 112 பென்ஸ், அதாவது 9 ஷில்லிங் 4 பென்ஸ். பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

உங்கள் அம்மிச்சிக்கு ரசமாக இருக்கும் ஒரு கணக்கு: 1927 முதல் ஒரு ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ். அப்படியானால் ஒரு பவுண்டு 13 ரூபாய் 5 அணா 4 பை. 1966 ஜூனில் ரூபாய் மதிப்பைக் குறைத்தபோதுதான் இந்த விகிதம் போயிற்று. நாம் 1957 ஏப்ரல் 1ஆம் தேதியே நூறு பைசாவுக்கு மாறிவிட்டோம். அவர்கள் மாறியது 1971 பிப்ரவரி 15இல்.

வீட்டில் காசு முக்கியமாகப் போனது எரிவாயு மீட்டருக்குள். பென்னியைப் போட்டுத் திருகினால் அந்த அளவுக்கு வாயு வரும். தீர்ந்தால் சமையல் பாதியில் நிற்கும், விளக்கு மங்கும். அதனால் அலமாரியில் ஒரு கிண்ணத்தில் பென்னிகளைத் தனியே வைத்திருப்பார்கள். காசை எண்ண வரும் ஊழியர் மேசைமேல் கொட்டி அடுக்கி, கணக்குக்கு மேல் இருப்பதை வீட்டம்மாவிடம் திருப்பிக் கொடுப்பார். எதிர்பாராமல் கைக்கு வரும் அந்தச் சில்லறைக்குப் பெரிய வரவேற்பு.

பாட்டில் பாலைக் குருவி குடிக்குமாமே?
– வாசகி, பொள்ளாச்சி

ஆமாம். நீலச் சிட்டு என்ற சிறு பறவை. அதிகாலையில் வாசலில் வைத்த கண்ணாடிப் பாட்டிலின் மூடியைக் கொத்திக் கிழித்து, மேலே திரண்டு நிற்கும் ஆடையைத் தின்னும். முதல் பதிவு 1921இல் சவுத்தாம்ப்டன் அருகே ஸ்வேத்லிங்கில். பிறகு நாடெங்கும் பறவைகள் கற்றுக்கொண்டன. பால்காரர் கல்லோ கோப்பையோ கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும் என்று சீட்டு எழுதி வைப்பார்கள். உறைபனி நாளில் பால் உறைந்து விரிந்து, ஆடை ஒரு விரல் உயரத்துக்கு மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பறவைக்கு இன்னும் வசதி. ஆடை பிரியாதபடி பதப்படுத்திய பால் வந்ததும், வாசலில் பால் போடுவது குறைந்ததும் இந்தப் பழக்கம் மறைந்தது.

ஜூலையில மான்செஸ்டர்ல மக ஊட்டுக்குப் போறோமுங்க. இதையெல்லாம் நேர்ல பாக்க எங்க போகோணும்?
– வாசகர், பீளமேடு

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் ஸ்டையல் கிராமத்திலுள்ள குவாரி பேங்க் மில்லுக்குப் போங்கள். 1784இல் தொடங்கிய நூல் மில், தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடியது. வேலை செய்த சிறுவர் சிறுமியர் தங்கிய வீடும் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்காமல் வரவேண்டாம். மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு மிக அருகில். பர்ன்லியின் குயின் ஸ்ட்ரீட் மில் எல்லா நாளும் திறப்பதில்லை, முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் வடகிழக்கே டரம் அருகே பீமிஷ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பழைய தெரு, கடை, சுரங்கத் தொழிலாளர் வீடு எல்லாம் கணப்பு எரிய எரியப் பார்க்கலாம்.

தறி ஓட்டிக் காட்டும் நேரத்தைக் கேட்டு அதற்குத் தகுந்தாற்போல் நுழையுங்கள். ஓடாத தறியை நீங்கள் பீளமேட்டிலேயே பார்த்திருப்பீர்கள். பேரப்பிள்ளைகள் கூட வந்தால் காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள்.